துரைக்கு யாரோ கொடுத்திருப்பார்கள்

ஒன்பது கிலோ அறுநூறு கிராம். எடைமேடையில் அந்த எண் வந்து நின்றதும் டாக்டர் புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். தராசம்மாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்தப் புருவத்தை அவளுக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து அதே மாதிரி புருவம் தூக்குவதுதானே அவளுடைய வேலை.

அவள் அங்கே உணவு ஆலோசகர். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது, யார் தட்டில் எத்தனை கிராம் விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் கையெழுத்தில்தான் சமையலறைக்குப் போகும். தராசம்மா என்பது வார்டு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அப்படி வைக்கிற பெயர் எந்தக் காலத்தில் முதுகோடு நின்றிருக்கிறது? சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மேசைமேல் விரித்துப் போட்ட போர்வை மாதிரி கிடந்தான் துரை. பூனையை ‘அது’ என்று சொன்னால் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காது, ஆகவே நாமும் அவன் என்றே சொல்லிவிடுவோம். பிறப்பிலேயே பெரிய இனம். நீள ரோமம், விசிறி வால், குழந்தையின் கையளவு பாதம். வெளியே காலே வைத்ததில்லை. மூன்றாவது மாடியில் மூன்று அறையும் ஒரு பால்கனியும்தான் அவன் ஆட்சி. அதைச் சுற்றி வருவதையும் போன வருஷத்தோடு விட்டுவிட்டான். வேண்டியதெல்லாம் படுத்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தால் யார்தான் எழுந்து நடப்பார்கள்?

"இவன் பெரிய இனம் டாக்டர். இந்த ஜாதியே இப்படித்தான் இருக்கும்."

"பெரிய உடம்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல இருக்கிறது கொழுப்பு. விலா எலும்பைத் தடவிப் பாருங்க."

தராசம்மா தடவினாள். அழுத்தினாள். இரண்டு கையாலும் தேடினாள். எலும்பு இருக்கிற பூனையாகவே தெரியவில்லை.

"மேல இருந்து பார்த்தா இடுப்பு உள்ள வாங்கித் தெரியணும். இவனுக்கு இடுப்பே இல்ல. இவன் எலும்புக்கு ஏழரை கிலோ போதும். தினமும் என்ன கொடுக்கறீங்க?"

"அளவாத்தான் டாக்டர். அதிகமா ஒண்ணும் கொடுக்கறதில்ல."

வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கட்டிலிலிருந்தும், தலையணைக்கு அடியில் இனிப்புப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்லப்படுகிற அதே வாக்கியம். அதைக் கேட்டதும் அவள் நோயாளியின் பக்கத்து அலமாரியைத் திறந்து பார்ப்பாள். இந்த டாக்டர் பெண்ணும் இப்போது அதேபோல் தன் கைப்பையைத் திறந்து பார்ப்பாளோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள்.

"வீட்டில வேற யாராவது கொடுக்கறாங்களா?"

"எங்க வீட்டிலயா? நான் இருக்கிறப்பவா?"

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு பக்கம் அச்சடித்த ஒரு தாளையும், எடை குறைக்கிற தீனிப் பை ஒன்றையும் கொடுத்தாள். "மெதுவா குறைக்கணும். வாரத்துக்கு நூறு கிராமுக்கு மேல வேண்டாம். ரெண்டு பக்கமும் படிச்சுட்டு ஆரம்பிங்க" என்றாள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. தராசம்மா முன்பக்கத்திலிருந்த கிராம் பட்டியலை மட்டும் பார்த்தாள், சரியாகத்தான் போட்டிருக்கிறாள் என்று மனசுக்குள் மார்க் கொடுத்தாள், நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குத் தாள் கொடுத்தே பழகிய கை அது.

அது சனிக்கிழமை. மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் விசாரணை வைத்தாள். எதிரே மூன்று பேர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கணவன், ஏழாவது படிக்கிற மகள், கணவனின் தங்கை. இந்த நாத்தனார் கல்யாணம் முறிந்து ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் வந்தவள். மூலை அறையில் உட்கார்ந்து பேன்ட் சுருக்குவது, கோட்டைப் பிரித்துப் பெரிசாக்குவது, திரைச்சீலை தைப்பது என்று ஓயாமல் வேலை செய்வாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவளும் துரையும் மட்டும்தான்.

"யார் கொடுக்கறீங்க?" என்று தராசம்மா கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை என்றுதான் பதில் வரும், அது அவள் தொழில் ரகசியம். "எவ்வளவு கொடுக்கறீங்க?" என்று கேட்டாள். இருக்கிற குற்றத்தைக் குறைத்துச் சொல்லத் தோன்றுமே தவிர, இல்லையென்று சொல்லத் தோன்றாது.

"சாயந்திரம் ரெண்டு துண்டு மீன். சின்னத் துண்டுதான்" என்றான் கணவன்.

"ஒரு சீஸ். இல்லைன்னா அரை சீஸ்" என்றாள் மகள்.

"முட்டை மஞ்சள்கரு ஒண்ணு, அண்ணி" என்றாள் நாத்தனார். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு வேளை" என்றும் சேர்த்துக்கொண்டாள். இருந்த மூவரில் பொய் சொல்லத் தெரியாதவள் அவள்தான். அதை அன்றைக்கே தராசம்மா கவனித்திருக்க வேண்டும்.

ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாதாம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் துரைக்கு ரகசியமாகப் பாசம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்களாம். தராசம்மா ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். கிண்ணத்தில் அவள் தினம் நிறுத்துப் போட்டது அறுபது கிராம். கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது இன்னொரு பூனைக்கும் போதும்.

"ஊருக்கெல்லாம் நான் புத்தி சொல்றேன். என் வீட்டில, என் மூக்குக்குக் கீழ, இத்தனை நாளா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. அந்த சின்னப் பொண்ணு முன்னாடி நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன், தெரியுமா?"

அவளுக்கு எரிச்சல் துரையின் எடை மேல் பாதி, அந்தப் பெண் முன்னால் போன மானத்தின் மேல் பாதி. எந்தப் பாதி பெரிசு என்று நிறுக்கிற தராசு அவளிடம் இல்லை. பழைய தீனியை அப்போதே குப்பையில் கொட்டினாள். புதுத் தீனியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஆஸ்பத்திரி அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தீர்ப்பு வந்தது.

"எங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் நல்ல பூனையா ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காரு. இனிமே யாராவது ஒரு துணுக்கு கொடுத்தீங்கன்னு தெரிஞ்சா, துரை அவர் வீட்டுக்குப் போயிடுவான். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

மகளுக்கு அப்போதே கண் நிறைந்துவிட்டது. நாத்தனார் மேசைமேல் இருந்த நூல் துணுக்குகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தராசம்மா சொன்னால் செய்கிறவள் என்று மூவருக்கும் தெரியும்.

அன்று காலை கிண்ணத்தில் புதுத் தீனி விழுந்தது. துரை வந்தான், முகர்ந்தான், அவளை ஒரு பார்வை பார்த்தான், மண்ணைப் போட்டு மூடுகிற மாதிரி தரையை இரண்டு தடவை சுரண்டிவிட்டுப் போனான்.

"கொழுப்பு. பசிச்சா தானா வருவான்" என்றாள் தராசம்மா.

வரவில்லை. திங்கட்கிழமையும் கிண்ணம் வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் மட்டும் நக்கிக் குடித்தான். சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்து நாள் முழுக்கத் தூங்கினான்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கவலைப்பட்டிருப்பார்கள். தராசம்மாவுக்குச் சந்தேகம்தான் வந்தது. பட்டினி கிடக்கிறவன் கத்த மாட்டானா? காலைச் சுற்ற மாட்டானா? வயிறு நிறைந்தவன்தானே இப்படி அசையாமல் தூங்குவான்? போன மாதம் பதினாலாம் நம்பர் கட்டில்காரர் இரண்டு நாள் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். நர்ஸ்கள் பதறினார்கள். இவள் போய் அலமாரியைத் திறந்தால் உள்ளே முக்கால் கிலோ கேக். அந்தக் கேக்கை அவள் இன்றுவரை மறக்கவில்லை. சாப்பிடாதவர் என்று உலகத்தில் ஒருவரும் கிடையாது, நமக்குத் தெரியாமல் சாப்பிடுகிறவர்தான் உண்டு என்பது அவள் பதினெட்டு வருஷத்துப் படிப்பு.

ஆக, வீட்டில் யாரோ கொடுக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். கணவன் வேலையிலிருந்து வந்ததும் அவன் பையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் முகர்ந்தாள்; கிரீஸ் நாற்றம்தான் வந்தது. மகளின் பள்ளிக்கூடப் பையைக் கொட்டினாள். பென்சில் சீவல் கொட்டியது. நாத்தனார் அறைக்குள் திடுதிப்பென்று நுழைந்தாள்; மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துரை மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டித் தள்ளிய துணிக் குவியல் மேல் படுத்திருந்தான். எப்போதும் படுக்கிற இடம்தான். ஆனால் அன்றைக்கு அதுவே அவளுக்குச் சாட்சியாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சமையலறைக் குப்பைக் கூடையில் முட்டை ஓடு அகப்பட்டது. காகிதத்தில் சுற்றிப் போட்டிருந்தது. சுற்றிப் போட்டதுதான் தராசம்மாவைக் கொதிக்க வைத்தது. ஓட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே மூலை அறைக்குப் போனாள்.

"இது என்ன?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "முட்டை ஓடு."

"அது எனக்கும் தெரியுது. யாருக்கு?"

"எனக்கு, அண்ணி. மதியம் ஒண்ணு வேகவச்சு சாப்பிட்டேன்."

"நீ சாப்பிட்டதை எதுக்குக் காகிதத்தில சுத்தி ஒளிச்சு வைக்கணும்?"

"நீங்க பார்த்தா தப்பா நெனைப்பீங்கன்னுதான்."

"நெனைக்கிறது என்ன, பார்க்கிறேனே. இந்தப் பக்கம் திரும்பு. அவனுக்கு நீ கொடுத்தியா இல்லையா?"

"கொடுக்கல. சத்தியமா கொடுக்கல. ஒரு துளிகூட."

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. தினம் நாப்பது பேர்கிட்ட கேக்கறேன், நாப்பது பேரும் சத்தியம் பண்றாங்க."

"நான் உங்க ஆஸ்பத்திரி ஆள் இல்ல அண்ணி."

அந்தப் பதில் சத்தமில்லாமல்தான் வந்தது. ஆனால் தராசம்மாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கோபத்தில் வாய் எங்கே போகிறது என்று தெரியாமல் போகிற நேரம் ஒன்று உண்டு. அவளுக்கு அது அந்த நிமிஷம்.

"உனக்குன்னு ஒரு குடும்பம் நிக்கல. அதுக்காக என் வீட்டுப் பூனையை முட்டையைக் காட்டி உன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டா சரியா? அவன் செத்தாலும் பரவாயில்ல, உன் காலடியில கிடந்தா போதும் உனக்கு."

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவன் சத்தத்தைக் குறைத்தான். எழுந்து வரவில்லை. நாத்தனார் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு குனிந்து, துணிக் குவியலில் கிடந்த துரையை இரண்டு கையாலும் தூக்கி, அறைக்கு வெளியே ஹால் தரையில் மெல்ல இறக்கி வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அந்தக் கதவு ராத்திரிக்கு முன் சாத்தியதை யாரும் பார்த்ததில்லை.

புதன்கிழமை முழுக்க அந்தக் கதவு சாத்தியே இருந்தது. துரை அதன் முன்னால் படுத்துக்கிடந்தான். தராசம்மா அதைப் பார்த்தாள், மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலைவிட வீம்பு ஒரு பிடி கூடுதலாக இருந்தது. கதவு சாத்தியிருக்கிறது, சரி, கணவன் இருக்கிறானே, மகள் இருக்கிறாளே, இவர்கள் என்ன லேசுப்பட்டவர்களா என்று நினைத்துக்கொண்டு, தொடாத கிண்ணத்தைக் கழுவிப் புதுசாக வைத்தாள்.

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் எடை பார்த்தாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் தான் மட்டும் ஏறி நிற்பாள், அந்த எண்ணை யாரும் பார்க்காமல் மனசில் வைத்துக்கொள்வாள். அது அந்த வீட்டின் தலையாய ரகசியம். அப்புறம் துரையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். கழித்துச் சொல்வாள்.

துரை கைக்குள் துணி மாதிரி துவண்டு வந்தான். அவள் கழித்தாள். சரியாக ஒன்பது கிலோ.

"அறுநூறு கிராம் குறைஞ்சிருக்கான்" என்று அவள் ஹாலைப் பார்த்துச் சொன்னபோது குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "நாலே நாள். பார்த்தீங்களா? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருந்தா முடியுதா இல்லையா? அந்த டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டணும்."

கணவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். எதையும் மெதுவாக யோசிக்கிறவன். நின்றுபோன லிஃப்ட்டில் கம்பி கம்பியாகத் தடவிப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கிற ஆள், பேச்சிலும் அப்படித்தான்.

"அறுநூறு குறைஞ்சிருக்கா?" என்றான். ஒரு ஷூவோடு நிமிர்ந்தான். "அப்போ யாரும் கொடுக்கலையா?"



"நான் கொடுக்கல" என்றான் அவனே. "தங்கச்சிகிட்டதானே நாள் பூரா இருக்கான், அவ எப்படியும் கொடுத்துடுவான்னு நெனச்சேன்."

"நான் அப்பா கொடுப்பாருன்னு நெனச்சேன்" என்றாள் மகள். "நான் கொடுத்தா மருந்துக்கடைக்காரர் தூக்கிட்டுப் போயிடுவார்ல."

தராசம்மா துரையைப் பிடித்துக்கொண்டு எடைமேடையிலேயே நின்றாள். ஒன்பது கிலோ அறுநூறில் அறுநூறு. எண்பது கிலோ ஆள் ஒருவர் நாலு நாளில் ஐந்து கிலோ இளைத்து அவள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வாள்? உட்காரக்கூட விட மாட்டாள், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடச் சொல்வாள். அந்தக் கணக்கு அவளுக்கு இப்போதுதான் வந்தது. இன்னொன்றும் வந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். யாராவது ஒருத்தர் திருட்டுத்தனமாகக் கொடுப்பார்கள் என்ற தைரியத்தில்தான் அவள் அவ்வளவு கறாராக இருந்தாள். அலமாரிக்குப் போட்ட பூட்டை நம்பியல்ல, அதை மீறுகிறவர்களை நம்பித்தான் பூட்டியிருந்தாள். நாலு பேரும் சேர்ந்து அடுத்தவரின் இளகின மனசை நம்பிக்கொண்டு, நடுவில் அவனைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

மூலை அறைக் கதவு திறந்தது. நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வந்து, துரையின் காது மடலை விரலால் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மஞ்சளா இருக்கு" என்றாள் அண்ணனைப் பார்த்து. "வண்டியை எடு."

துரையை ஒரு விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டது நாத்தனார்தான். தராசம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பைக்குள் தேடி, நாலாக மடித்த தாளை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். கறுப்புக் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் இருந்தது. புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றவும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே தெரிவிக்கவும். பருத்த பூனையை ஒருபோதும் பட்டினி போட வேண்டாம். தாளைப் படிக்காமல் வருகிற நோயாளிகளை அவள் என்னென்ன பேசியிருக்கிறாள். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"கடைசியா எப்போ சாப்பிட்டான்?" என்று டாக்டர் கேட்டாள்.

"சனிக்கிழமை" என்றாள் தராசம்மா.

டாக்டர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். "இவ்வளவு கொழுப்பு இருக்கிற பூனை பட்டினி கிடந்தா, உடம்புக் கொழுப்பெல்லாம் ஒரேயடியா ஈரலுக்குப் போய் அடைச்சுக்கும். ஒல்லிப் பூனையைவிட இவங்களுக்குத்தான் ஆபத்து. நடுவில ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே."

"வீட்டில யாரோ கொடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க கொடுத்தாங்களான்னு கேக்கலையா?"

"கேட்டேன். இல்லைன்னுதான் சொன்னாங்க."

டாக்டர் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். கூழாகக் கரைத்த தீனியை ஊசிக்குழலில் எடுத்து இத்தனை மணிக்கு இவ்வளவு என்று உள்ளே செலுத்தினார்கள். ஈரலுக்கு மருந்து ஏறியது. "குழாயில கொடுக்கிறது உயிரைப் பிடிச்சு வைக்கத்தான். அவனா வாயால சாப்பிட ஆரம்பிக்கணும். எதைச் சாப்பிட்டாலும் சரி, இப்போதைக்கு எடை, அளவு எதையும் பார்க்காதீங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டாள் டாக்டர்.

நாத்தனார் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். பூனை இருக்கிற மருத்துவமனை திறக்கும்போது போய் உட்காருவாள், மூடும்போது வருவாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவள் விரலில் வைத்து நீட்டியது எதையும் துரை நக்கவில்லை. வீட்டில் அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தராசம்மாவே வாயெடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் உப்பில்லாத பேச்சு எதையாவது பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கே கோபம் வந்து, "அன்னைக்கு நான் எழுந்து வந்திருக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே அங்கே போனாள் தராசம்மா. உள் அறையில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். துரை அவள் முழங்காலில் தலையை வைத்திருந்தான். மூக்கில் ஒட்டுப்போட்ட குழாய். ரோமம் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் வெந்த மஞ்சள்கருவை வெந்நீர் விட்டுக் குழைத்து வைத்திருந்தாள்.

தராசம்மாவும் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுவது கஷ்டம்.

"தப்பு என் மேலதான்" என்றாள். "அன்னைக்கு நான் பேசினது பேசக்கூடாத பேச்சு."

"ஆமா" என்றாள் நாத்தனார்.

சமாதானமாக ஏதாவது வரும் என்று தராசம்மா காத்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறு.

"நீங்க திட்டினதுக்குக்கூட எனக்கு இப்போ கோபம் இல்ல அண்ணி. என் மேலதான் கோபம். செவ்வாய்க்கிழமை மதியம் அந்த முட்டையைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இவன் பார்த்துக்கிட்டே இருந்தான். கொடுத்திருந்தா சாப்பிட்டிருப்பான். நீங்க இவனை அனுப்பிடுவீங்கன்னு பயந்து நானே முழுங்கினேன். எனக்கு இறங்கவே இல்ல." "நீங்க சொன்ன மாதிரி நான் திருடியா இருந்திருந்தா, இவன் இன்னைக்கு நல்லா இருந்திருப்பான். நான் உண்மை சொன்னேன், நீங்க நம்பல. நம்பியிருந்தா அன்னைக்கே இவனைத் தூக்கிட்டு இங்க வந்திருப்போம். எந்தப் பக்கம் பார்த்தாலும் இவனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. நான் உண்மை சொல்லி, நீங்க நம்பாம போனது ஒண்ணுதான் இவனைக் கொண்டுவந்து இங்க போட்டிருக்கு."

பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் அவளிடம் சத்தியம் செய்திருப்பார்கள், அதில் எத்தனை பேர் உண்மை சொல்லியிருப்பார்கள் என்று தராசம்மா முதல் தடவையாக நினைத்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் மறுபடியும் விரலைக் குழைவில் தொட்டு அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். துரை மூக்கைத் திருப்பிக்கொண்டான். அவள் விரலை எடுக்கவில்லை. அவன் கண்ணை மூடினான், திறந்தான். பிறகு நாக்கு வெளியே வந்தது. ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அவள் விரலை டப்பாவுக்கும் அவனுக்குமாகக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். பாதி டப்பா போனதும் அவன் தலையைத் திரும்ப முழங்காலில் போட்டுக்கொண்டான். தராசம்மா மெல்ல எழுந்து கூடத்துக்குப் போய் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

டாக்டர் குறிப்பேட்டோடு வந்தாள். "வாயால சாப்பிட்டானா? எவ்வளவு?"

"மூணு ஸ்பூன் இருக்கும்" என்றாள் நாத்தனார்.

டாக்டர் எழுதப் போனவள் நிறுத்தி, தராசம்மாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அளவு பார்க்கிறவள் இவள்தான் என்று அவளுக்குத் தெரியும். "மூணு ஸ்பூன்தானா? நீங்க பார்த்தீங்களா? மீதி டப்பாவை நிறுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? குழாயில எவ்வளவு குறைக்கலாம்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

டப்பா தராசம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தராசும் எதிர் மேசையிலேயே இருந்தது.

"நிறுக்க வேண்டாம் டாக்டர்" என்றாள். "அவ மூணுன்னு சொன்னா மூணுதான். எழுதிக்கங்க."

நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டாள்.